வலிக்காத தீக்காயம்

சர்க்கரை நோயாளி ஒருவரின் காலில் தீக்காயம் பட்டு, அவரை எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு அழைத்து வரும் குடும்பத்தார் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: “வலியே இல்லைன்னாருங்க, அதனாலதான் விட்டுட்டோமுங்க.” காயம் பட்டு அதற்குள் நான்கு நாளோ பத்து நாளோ கடந்திருக்கும். கொப்புளம் உடைந்து, ஓரம் கருத்து, சில சமயம் துர்நாற்றமும் தொடங்கியிருக்கும். வலி இல்லை என்று அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் வலியை அறிவிக்க வேண்டிய நரம்பு வேலை செய்யவில்லை என்பதே அந்த உண்மையின் பொருள். அத்தகைய காயம் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவே இருந்தாலும், அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டிய காயம் ஆகும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் சர்க்கரை நோயுடன் வாழ்வதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு இந்நோய் உள்ளதென்றும் அது கூறியது. பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் என நின்றும் அமர்ந்தும் வேலை செய்யும் நம் ஊரில், அந்நோயின் பாரம் முதலில் இறங்குவது கால்களில்தான்.

நரம்பு ஏன் மௌனமாகிறது?

உடலிலுள்ள நரம்புகளில் மிக நீளமானவை, இடுப்பின் பின்புறத்திலிருந்து கால் விரல் நுனிவரை செல்பவை. இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால் இந்த நீண்ட நரம்புகளே முதலில் பழுதடைகின்றன. ஆகவே உணர்ச்சிக் குறைவு விரல் நுனியில் தொடங்கி, காலுறை அணிவது போல மெல்ல மேலேறுகிறது. மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, இரவில் பாத எரிச்சல் ஆகியவை இதன் தொடக்க அடையாளங்கள்.

இங்கே பலரை ஏமாற்றும் செய்தி ஒன்று உண்டு. “எனக்குக் கால் எரியுதே, அப்படியானா உணர்ச்சி இருக்குதுதானே?” என்று நோயாளிகள் கேட்பார்கள். எரிச்சல் என்பது பழுதடைந்த நரம்பு தானாக அனுப்பும் பொய்யான செய்தி. அதே கால் உண்மையான கொதிநீரை உணராமல் போகலாம். எரிச்சலும் மரத்துப்போதலும் ஒரே பாதத்தில் சேர்ந்தே இருக்கக்கூடும்.

நரம்போடு இரத்த ஓட்டமும் குறைகிறது. நலமான தோலில் சூடு பட்டால் அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து, சூட்டை இரத்தத்தோடு வேறிடத்துக்கு எடுத்துச் செல்லும். சர்க்கரை நோய் முற்றிய பாதத்தில் இவ்வேலை சரிவர நடப்பதில்லை. சூடு பட்ட இடத்திலேயே தேங்குகிறது. மற்றவருக்குச் சிவப்பதோடு முடியும் சூடு, இவருக்குக் கொப்புளமாகிறது.

வலியில்லாமை எவ்வளவு ஆபத்தானது என்பதை மருத்துவ உலகத்துக்கு விளக்கியதில் நம் மாநிலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகால்களைக் கூர்ந்து கவனித்தார். நோயால் சதை தானாக அழுகி விழுகிறது என்று அதுவரை பரவலாக நம்பப்பட்டது. அவர் ஒவ்வொரு புண்ணாகத் தேடிப் பார்த்தபோது, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சாதாரணக் காயம் இருந்தது. சூடான பாத்திரம், முள், இறுக்கமான செருப்பு, ஓயாத நடை. வலி இல்லாததால் யாரும் கையை விலக்கவில்லை, காலுக்கு ஓய்வு தரவில்லை. பின்னாளில் அமெரிக்காவிலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் பணியாற்றியபோது, அவரும் அவருடைய குழுவினரும் இதே அறிவைச் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் பயன்படுத்தினர். வேலூரில் கற்ற பாடம் அப்படியே பொருந்தியது.

எவ்வளவு சூடு அதிகச் சூடு?

கொதிக்கும் நீர் மட்டுமே சுடும் என்று நினைக்கிறோம். 1947-இல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவுகள், வெப்பத்தைப் போலவே நேரமும் முக்கியம் என்று காட்டின. 60 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீர் சுமார் 5 நொடிகளில் தோலின் மேலடுக்கை அழிக்கிறது. 49 பாகையில் அதே அழிவுக்குப் பத்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான நேரம் போதும். 44 பாகை போன்ற மிதமான சூடும் 6 மணி நேரம் தொடர்ந்து பட்டால் தோலைச் சுட்டுவிடும்.

நலமான பாதம் 43 முதல் 45 பாகைக்குள்ளேயே வலியை உணர்ந்து விலகிக்கொள்ளும். நாம் யோசிப்பதற்கு முன்பே கால் தானாகப் பின்வாங்கும். மரத்துப்போன பாதம் விலகாது. 49 பாகை நீரில் அது இருபது நிமிடம் அமைதியாக இருக்கும். தூங்கும்போது பாதத்தருகே வைத்த வெந்நீர்ப் பையோடு இரவு முழுவதும் கிடக்கும்.

நம் ஊரில் சூடு எங்கெல்லாம் இருக்கிறது?

தீ விபத்து என்றால் அடுப்பும் பட்டாசும் நினைவுக்கு வரும். சர்க்கரை நோயாளிகளின் காலைச் சுடுபவை பெரும்பாலும் அவையல்ல. செக்கிங், அயர்னிங் போன்ற பிரிவுகளில் ஒன்றரை ஷிப்ட் நின்றுவிட்டு வீடு திரும்புபவர், கால் கடுப்புக்கு ஒரு வாளி வெந்நீரில் உப்புப் போட்டுப் பாதங்களை வைக்கிறார். நரம்புப் பாதிப்புள்ளவருக்கு இதுவே மிக ஆபத்தான பழக்கம். சூடு போதவில்லை என்று தோன்றுவதால் இன்னும் கொஞ்சம் கொதிநீர் ஊற்றச் சொல்வார். வீட்டாரும் அன்போடு ஊற்றுவார்கள்.

குதிகால் வலிக்குச் செங்கல்லைச் சூடாக்கி, அதன்மேல் எருக்கிலை வைத்துக் காலை அழுத்தும் வைத்தியம் நம் கிராமங்களில் இன்றும் உண்டு. பொறுக்கும் சூட்டில் வைக்க வேண்டும் என்பதே அந்த வைத்தியத்தின் விதி. பொறுக்கும் சூடு எது என்று சொல்ல வேண்டிய கால் பேசாதபோது அந்த விதிக்குப் பொருளில்லை. உப்பு ஒத்தடம், தவிட்டு ஒத்தடம், வெந்நீர்ப் பை ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு எவ்வகை ஒத்தடமும் வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

அடுத்தது தரை. சித்திரை, வைகாசி வெயிலில் தார்ச்சாலையும் மொட்டை மாடியும் கோயில் பிராகாரக் கல்லும் நண்பகலில் 50 பாகையைத் தாண்டக்கூடியவை. வடகம் காயப்போட மாடிக்குச் சென்றவர், அவிநாசித் தேரோட்டத்துக்கு வெறுங்காலுடன் நின்றவர், பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்குக் காவடி எடுத்து நடந்தவர் என இவர்கள் அனைவரின் உள்ளங்காலிலும் ஒரே வகைக் கொப்புளத்தைப் பார்க்கலாம். கோயிலுக்குச் செல்வோர் காலையில் வெயில் ஏறுவதற்கு முன் செல்லலாம். கனமான பருத்திக் காலுறை அணிந்துகொள்ளலாம்.

குண்டம் இறங்குதலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெருமாநல்லூர் கொண்டத்துக்காளியம்மன், பண்ணாரி மாரியம்மன் கோயில்களில் பங்குனியில் குண்டம் இறங்குவோரில் சர்க்கரை நோயாளிகளும் இருக்கின்றனர். நம்பிக்கையைப் பற்றிக் கருத்துச் சொல்வது எங்கள் பணியன்று. உடலியல் செய்தியை மட்டும் சொல்கிறோம். தணல்மேல் நடப்பவரின் பாதம் ஒவ்வோர் அடியிலும் மிகக் குறைந்த நேரமே தணலைத் தொடுகிறது. சூட்டை உணரும் கால் நின்றுவிடாமல் விரைந்து கடக்கிறது. உணர்ச்சியற்ற பாதத்தின் விரலிடுக்கில் ஒரு தணல் துண்டு ஒட்டிக்கொண்டால், அதை உதற வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. பல ஆண்டுகளாக இறங்கியும் ஒன்றும் ஆகவில்லை என்பவரின் நரம்பு, சென்ற ஆண்டு இருந்த நிலையில் இந்த ஆண்டு இருப்பதில்லை. குண்டத்துக்கு எரிகரும்பு காணிக்கை தந்து வேண்டுதலை நிறைவேற்றுவோரும் உண்டு. விரதம் தொடங்குவதற்கு முன்பே பாதப் பரிசோதனை செய்துகொண்டு, குடும்பத்தோடு பேசி முடிவெடுக்குமாறு வேண்டுகிறோம்.

வேலையிடம் தனிக் கவனத்துக்குரியது. சாயப்பட்டறையில் துணியை வெளுக்கும் நீர் ஏறத்தாழ கொதிநிலையில் இருக்கும். பாலியெஸ்டர் சாயமேற்றுகையில் எந்திரத்துக்குள் வெப்பம் 130 பாகை வரை செல்லும். அந்நீரை ஆறவிடாமல் திறந்துவிட்டால் அது தரையில் ஓடி ரப்பர்ச் செருப்புக்குள் புகுகிறது. முழங்கால்வரை வரும் பூட்ஸ் அணிவது நல்லதே. ஆனால் அதன் மேல்வாய் வழியே கொதிநீர் உள்ளே விழுந்தால், அந்த பூட்ஸ் ஒரு பாத்திரம்போலச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பேன்ட்டை பூட்ஸுக்கு வெளியே விட்டு அணிவதும், உள்ளே நீர் புகுந்தால் நொடியும் தாமதிக்காமல் கழற்றுவதும் அவசியம்.

காஸ்டிக் சோடா வேறு வகை எதிரி. அது தோலில் பட்டதும் பெரிதாக வலிக்காது, வழுவழுப்பாக மட்டும் இருக்கும். உள்ளே ஆழமாகச் சென்றுகொண்டே இருக்கும். நலமானவரே இதில் ஏமாறுவார். அயர்னிங் பிரிவில் நீராவிக் குழாயின் கசிவு, பாய்லர் அருகே கழித்துவிடப்படும் சுடுநீர், வீடு திரும்பும் வழியில் இருசக்கர வாகனத்தின் சைலன்சர், மினி பஸ்ஸில் ஓட்டுநர் அருகேயுள்ள இன்ஜின் மூடி ஆகியவையும் இப்பட்டியலில் சேரும்.

முதல் ஒரு மணி நேரம்

சூடு பட்டவுடன் குழாய் நீரை மெதுவாக ஓடவிட்டு, காயத்தை 20 நிமிடம் அதில் காட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிடுவதே பலரின் வழக்கம். வலியில்லாதவர் அதைக்கூடச் செய்வதில்லை. காயம் பட்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பயனுண்டு. மாடித் தொட்டியின் நீர் வெயிலில் சூடேறியிருக்கும் நம் ஊரில், முதலில் வரும் நீரைக் கீழே விட்டுவிட்டு, அது குளிர்ந்த பிறகே காலைக் காட்ட வேண்டும். பனிக்கட்டி வேண்டாம், இரத்த ஓட்டம் குறைந்த காலுக்கு அதுவே இன்னொரு காயமாகும். காஸ்டிக் போன்ற இரசாயனம் பட்டிருந்தால் நனைந்த துணி, காலுறை, செருப்பு அனைத்தையும் நீக்கிவிட்டு, இன்னும் நெடுநேரம் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும்.

மெட்டியையும் கொலுசையும் உடனே கழற்றிவிடுங்கள். சில மணி நேரத்தில் கால் வீங்கும். வீங்கிய விரலில் மெட்டி இறுகினால் விரலுக்குச் செல்லும் இரத்தமே நின்றுவிடும். சுமங்கலிப் பெண்கள் தயங்குவது எங்களுக்குத் தெரியும். வீட்டுப் பெரியவர்கள் முன்வந்து சொன்னால் தயக்கம் நீங்கும்.

பற்பசை, பேனா மை, இட்லி மாவு, மஞ்சள், நெய், தேங்காய் எண்ணெய் எதையும் தடவாதீர்கள். இவை கிருமியைச் சேர்ப்பதோடு, தோலின் உண்மை நிறத்தையும் மறைத்துவிடுகின்றன. வலியைக் கேட்டு ஆழத்தைக் கணிக்க முடியாத காலில், நிறம் ஒன்றே எங்களுக்குக் கிடைக்கும் சாட்சி. கொப்புளத்தை உடைக்க வேண்டாம். துவைத்து உலர்த்திய வெள்ளைப் பருத்தித் துணியால் தளர்வாக மூடி அழைத்து வாருங்கள். எந்திரம் துடைக்க வைத்திருக்கும் பனியன் வேஸ்ட்டை எடுத்துச் சுற்றிவிடும் வழக்கத்தைக் கம்பெனிகளில் காண்கிறோம். அதில் எண்ணெயும் தூசும் இருக்கும். அவசரத்திலும் அதைப் பயன்படுத்தக் கூடாது.

“சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கிட்டு, ஞாயித்துக்கிழமை போலாம்” என்று தள்ளிப்போடுவதுதான் எங்களை மிகவும் கவலைகொள்ளச் செய்வது. செவ்வாயன்று பட்ட காயம் ஞாயிறன்று வேறு காயமாக இருக்கும்.

மருத்துவமனையில் என்ன நடக்கும்?

தீக்காயத்தின் ஆழம் முதல் நாளில் முழுமையாகத் தெரியாது. இரண்டு மூன்று நாள்களில் அது ஆழமாகக்கூடும். ஆகவே, முதல் நாள் கட்டுப் போட்டு அனுப்பினாலும், நாங்கள் குறித்துத் தரும் நாளில் தவறாமல் மீண்டும் வர வேண்டும். பாதத்தின் நாடித்துடிப்பு, தேவைப்பட்டால் டாப்ளர் கருவி ஆகியவற்றால் இரத்த ஓட்டத்தைப் பார்ப்போம். தனுர்வாதத் தடுப்பூசியின் காலம் கடந்திருந்தால் அதையும் போடுவோம். ஆழமான காயத்துக்கு இறந்த திசுவை அகற்றுவதும், வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டுவதும் தேவைப்படலாம். தொற்று எலும்பை எட்டிவிட்டாலோ, இரத்த ஓட்டம் மிகக் குறைந்திருந்தாலோ விரலையோ பாதத்தின் ஒரு பகுதியையோ இழக்க நேரிடும். இதை மென்மையாக மறைத்துச் சொல்வதில் பயனில்லை என்பதால் வெளிப்படையாகவே எழுதுகிறோம்.

காயம் பட்ட உடல் சில ஹார்மோன்களை மிகுதியாகச் சுரப்பதால் இரத்தச் சர்க்கரை ஏறும். ஏறிய சர்க்கரை, கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களின் திறனைக் குறைக்கிறது. தொற்று வந்தால் சர்க்கரை மேலும் ஏறுகிறது. இச்சுழலை உடைக்கவே, மாத்திரையில் இருந்தவருக்கும் இன்சுலின் தருகிறோம். ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுவதும் போட வேண்டும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. காயம் ஆறிய பின் மீண்டும் மாத்திரைக்கே திரும்புவோர் பலர்.

உணவில் வீட்டார் கடைப்பிடிக்கும் பத்தியம் சில சமயம் காயத்துக்கே எதிராகிறது. முட்டையும் மீனும் புண்ணைச் சீழ் பிடிக்கச் செய்யும் என்று நிறுத்திவிட்டு, மூன்று வேளையும் கஞ்சி கொடுக்கிறார்கள். கஞ்சி சர்க்கரையை ஏற்றும். புதிய தோல் உருவாகத் தேவையான புரதம் அதில் மிகக் குறைவு. முட்டை, மீன், பயறு, கொண்டைக்கடலை, தயிர் ஆகியவற்றைக் கொடுக்கலாம். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது ஓய்வு. வலியுள்ளவர் நடக்கச் சொன்னாலும் நடக்கமாட்டார். வலியில்லாதவரை உட்கார வைப்பதுதான் பெரும்பாடு. உள்ளங்காலில் காயத்தோடு எடுக்கும் ஒவ்வோர் அடியும் புதிதாக முளைத்த தோலைக் கிழிக்கிறது. பவர் டேபிள் டெய்லருக்குப் பெடலை மிதிக்காமல் வேலையில்லை. அயர்ன் மாஸ்டருக்கு நிற்காமல் வேலையில்லை. ஆகவே ஓய்வு என்பது கூலியைப் பற்றிய கேள்வியும் ஆகிவிடுகிறது.

இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. போதிய நாள்கள் சந்தா செலுத்தியவருக்கு நோய்க்கால உதவியாகக் கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள்கள் வரை கிடைக்கும். வேலையிடத்தில் பட்ட காயமாக இருந்தால், சந்தா நாள்களைக் கணக்கிடாமல், வேலை செய்ய இயலாத காலத்துக்கு 90 விழுக்காடு கிடைக்கும். அதற்குக் காயம் பட்ட அன்றே கம்பெனியின் விபத்துப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வலியில்லை என்று யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு வருபவர், மருத்துவத்தோடு இந்த உரிமையையும் இழக்கும் நிலைக்கு ஆளாகிறார். மேற்பார்வையாளரிடம் அப்போதே சொல்லுங்கள். குடும்பத்தாரும் தொலைபேசியில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வீட்டில் யார் பார்ப்பது?

பாதத்தைத் தினமும் பார்க்க வேண்டும் என்று நோயாளியிடம் சொல்வது எளிது. ஆனால் சர்க்கரை நோய் கண்ணின் விழித்திரையையும் பாதிப்பதால், பலருக்குத் தம் உள்ளங்கால் தெளிவாகத் தெரிவதில்லை, குனியவும் முடிவதில்லை. எனவே இப்பணியை மனைவியோ மகனோ மருமகளோ ஏற்றுக்கொள்வது நல்லது. இரவு உணவுக்குப் பின் வெளிச்சத்தில் இரு பாதங்களையும், குதிகாலையும், விரலிடுக்குகளையும் பார்க்க இரண்டு நிமிடம் போதும். சிவப்பு, கொப்புளம், ஈரம், நிறமாற்றம் ஆகியவற்றைத் தேடுங்கள். குளிக்கும் நீரின் சூட்டை நோயாளியின் காலாலோ கையாலோ பார்க்காமல், நலமான ஒருவர் முழங்கையால் பார்க்க வேண்டும். கை விரல்களிலும் உணர்ச்சி குறைந்திருக்கலாம்.

சர்க்கரை நோயுள்ள ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பாத உணர்ச்சிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் மெல்லிய நைலான் இழையைப் பாதத்தின் சில இடங்களில் தொட்டும், அதிரும் இசைக்கவையை விரல்மேல் வைத்தும் பார்ப்போம். ஊசியில்லை, வலியில்லை, சில நிமிடங்களே ஆகும். அரசின் ‘பாதம் பாதுகாப்போம்’ திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பாதப் பரிசோதனை செய்கிறார்கள்.

உணர்ச்சி குறைந்திருந்தால் வீட்டுக்குள்ளும் செருப்பு அணிய வேண்டும். எம்.சி.ஆர். எனப்படும் மென்ரப்பர்ச் செருப்புகள், உணர்ச்சியற்ற பாதத்தைக் காப்பதற்காக முதலில் தொழுநோயாளிகளுக்குத் தரப்பட்டவை. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் பரிந்துரைக்கப்படுகின்றன. கட்டைவிரலும் அடுத்த விரலும் பிடித்துக்கொள்ளும் சாதாரண ரப்பர்ச் செருப்பு, மரத்த காலிலிருந்து நழுவிவிடும், நழுவியதும் தெரியாது. பின்பட்டை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பரிசோதனைக்கு வரும்போது, வீட்டிலும் வேலையிலும் அன்றாடம் அணியும் செருப்புகளை ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். அவற்றின் உட்புறத் தேய்மானத்தைப் பார்த்தால், அடுத்த புண் எந்த இடத்தில் வரக்கூடும் என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிட முடியும்.